ஐஎஸ்ஏ கார்டைப் புதிய லினக்ஸ் கெர்னலில் ஓட வைப்பது

பிசிஐ என்ற பஸ்ஸின் (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) கார்டு ஸ்லாட்டில் ஏறியதும், தன்னை யார் தயாரித்தார், தான் என்ன சாதனம், தனக்கு எத்தனை போர்ட், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதையெல்லாம் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) கேட்டால் சொல்லிவிடும். அதற்கு முந்தைய பஸ்ஸான ஐஎஸ்ஏவின் கார்டு எதுவும் சொல்லாது. 1981இல் ஐபிஎம் பிசியோடு 8 பிட்டாக வந்து, 1984இல் ஏடி இயந்திரத்தில் 16 பிட்டாக விரிந்த இந்த பஸ்ஸில் அடையாளம் கேட்கும் ஏற்பாடே கிடையாது. ஜம்பரில் (கார்டில் உள்ள சிறு இணைப்பு ஊசிகள்) எதை வைத்தோமோ அதுதான் கார்டின் முகவரி. 1993இல் பிளக் அண்ட் பிளே சேர்ந்த பிறகு வந்த கார்டுகள் மட்டும் ஓரளவு பேசும்.

ஆகவே, கார்டு எங்கே இருக்கிறது, எந்த இன்டரப்டில் (கவனம் கேட்டுச் செயலியை அழைக்கும் சிக்னல்) இருக்கிறது என்ற தகவலை நாம்தான் கெர்னலிடம் தர வேண்டும். புதிய கெர்னலில் பழைய கார்டு ஓடவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: சிக்னல் கார்டு வரை போகவில்லை, கெர்னல் ஐஎஸ்ஏ ஆதரவு இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறது, அல்லது டிரைவர் நிரல் இன்றைய கெர்னலின் உள் இடைமுகங்களுக்குப் பின்தங்கிவிட்டது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். டிரைவரை முழுக்கத் திருத்திய பிறகு ஜம்பர் தப்பாக இருந்தது தெரியவந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கீழே போர்ட் எண்கள், நினைவக முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் (16 அடிமான எண்). கெர்னல் பெயர்களும் கட்டளைகளும் உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. திரையில் தட்டும்போது வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள்.

கார்டு பதில் சொல்கிறதா?

முதலில் ஜம்பர்களைப் பார்த்து மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்: போர்ட் தொடக்கம், ஐஆர்க்யூ (இன்டரப்ட் எண்), டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றி நினைவகத்தோடு தரவு பரிமாறும் வழி) சேனல். கார்டில் அச்சிட்ட அட்டவணை இல்லாவிட்டால், பழைய டாஸ் அமைப்பின் கான்ஃபிக் கோப்பிலோ ஆட்டோஎக்ஸெக் கோப்பிலோ அந்த எண்கள் இருக்கும். பழைய வட்டை அழிப்பதற்கு முன் அந்த இரண்டு கோப்புகளையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, டிரைவர் இல்லாமலே போர்ட்டைப் படிப்பது. ரூட் பயனராக /டெவ்/போர்ட் கோப்பிலிருந்து டிடி கட்டளையால் ஒரே ஒரு பைட் எடுங்கள். டிடி தசம எண் கேட்கும் என்பதால் போர்ட் 300 என்றால் ஸ்கிப் மதிப்பு 768. வந்தது எஃப்எஃப் என்றால் அந்த முகவரியில் பஸ்ஸை யாரும் இயக்கவில்லை என்று பொருள்: கார்டு சரியாக உட்காரவில்லை, ஜம்பர் வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது இடையிலுள்ள சிப் அந்த முகவரியைக் கடத்தவில்லை. வரம்பு முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். ஐஎஸ்ஏ கார்டுகளில் படிப்பதுகூட ஒரு செயல்தான். என்இ2000 நெட்வொர்க் கார்டு 300இல் இருந்தால் 31எஃப்ஐப் படித்தாலே ரீசெட் ஆகிவிடும்.

அந்தக் குணத்தையே சோதனைக்கும் பயன்படுத்தலாம். என்இ2000இல் 31எஃப்ஐப் படித்து, வந்த மதிப்பையே அங்கே திரும்ப எழுதுங்கள். சற்று பொறுத்து 307ஐப் படித்தால் 7ஆம் பிட் 1 ஆக இருக்க வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் ஒலிக் கார்டு 220இல் இருந்தால் 226இல் 1 எழுதி, குறைந்தது 3 மைக்ரோ வினாடி விட்டு, 0 எழுதுங்கள். 22ஈயின் 7ஆம் பிட் 1 ஆனதும் 22ஏயைப் படித்தால் ஏஏ வரும். வந்தால் கார்டும் பஸ்ஸும் நலம், மீதி எல்லாம் மென்பொருள் வேலை.

எஃப்எஃப் மட்டுமே வந்தால் கார்டு எந்த வழியாக இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1990களின் மதர்போர்டில் உள்ள நிஜ ஐஎஸ்ஏ ஸ்லாட்டில், வேறு யாரும் உரிமை கோராத முகவரிகள் எல்லாம் தானாக ஐஎஸ்ஏ பக்கம் இறங்கிவிடும். பிசி/104 அடுக்குப் பலகைகளிலும் ஐடிஇ 8888 போன்ற பாலச் சிப் வைத்த தொழிற்சாலைப் பலகைகளிலும் இது பயாஸ் அமைப்பைப் பொறுத்தது. எல்பிசி என்ற குறைந்த கம்பிகள் கொண்ட பஸ் வழியாக ஐஎஸ்ஏ தரும் புதிய பலகைகளில் அப்படி எதுவும் தானாக இறங்காது. எந்த முகவரி வரம்பைக் கடத்த வேண்டும் என்று சிப்செட்டில் எழுதியே ஆக வேண்டும்.

இன்டெல் ஐசிஎச்7 முதலான தென்பாலங்களில் (மெதுவான சாதனங்களை இணைக்கும் சிப்செட் பகுதி) இதற்கான பதிவேடுகள் சாதனம் 31, செயல்பாடு 0இல் 84, 88, 8சி, 90 என்ற நான்கு இடங்களில் உள்ளன. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 256 பைட் வரம்பைத் திறக்கும். கீழ்க்கோடி பிட் இயக்கும் பிட். 15 முதல் 2 வரை தொடக்க முகவரி. 23 முதல் 18 வரை எந்த முகவரி பிட்டுகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற மாஸ்க். 300 முதல் 31எஃப் வரையான 32 பைட்டுக்கு எழுத வேண்டிய மதிப்பு 001சி0301. செட்பிசிஐ கட்டளையால் முதலில் நான்கு பதிவேடுகளையும் படித்து, பூஜ்ஜியமாக இருப்பதில் மட்டும் எழுதுங்கள். நிரம்பியிருப்பதை மாற்றினால் சூப்பர் ஐஓ சிப்போ விசிறியைக் கட்டுப்படுத்தும் சிப்போ தொடர்பிழந்துவிடும். மறுதொடக்கத்தில் இந்த மதிப்பு அழிந்துவிடும், எனவே டிரைவர் ஏறுவதற்கு முன் ஓடும் ஒரு பூட் ஸ்கிரிப்ட்டில் அதை வையுங்கள்.

கார்டில் நினைவகச் சாளரம் இருந்தால், அது பெரும்பாலும் சி8000 முதல் டிஎஃப்எஃப்எஃப்எஃப் வரைக்குள் இருக்கும். பயாஸில் அந்தப் பகுதிக்கு ஷேடோ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் கார்டின் நினைவகத்துக்குப் பதில் ராம்தான் கண்ணில் படும். அதை அணையுங்கள்.

கெர்னல் அமைப்பு

இயங்கும் கெர்னலின் அமைப்பு /பூட் கோப்புறையில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பில் இருக்கும். சில கெர்னல்களில் /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் கோப்பிலும் கிடைக்கும். ஐஎஸ்ஏ என்று தேடினால் பெயர் ஒத்த பல தேர்வுகள் வரும். அவற்றைப் பிரித்தறியாமல் போவதுதான் பலரும் இடறும் இடம்.

வெறும் ஐஎஸ்ஏ என்ற தேர்வு எக்ஸ்86 குடும்பத்தில் 32 பிட் கெர்னலில் மட்டுமே உண்டு. 64 பிட் கெர்னலில் அதற்குப் பதிலாக ஐஎஸ்ஏ_பஸ் என்று ஒன்று இருக்கிறது. எக்ஸ்பர்ட் தேர்வை இயக்கினால்தான் அது மெனுவில் தெரியும். ஐஎஸ்ஏ_பஸ் போட்டுவிட்டால் பழைய டிரைவர்கள் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். என்இ2000, சவுண்ட் பிளாஸ்டர் 16 போன்றவை வெறும் ஐஎஸ்ஏவைச் சார்ந்து எழுதப்பட்டவை; 64 பிட்டில் அவை மெனுவிலேயே வராது. ஐஎஸ்ஏ_பஸ்_ஏபிஐயைச் சார்ந்த டிரைவர்கள் மட்டும்தான் 64 பிட்டிலும் கட்டப்படும்; பிசி/104 உள்ளீடு வெளியீட்டுப் பலகைகளின் ஜிபிஐஓ (பொதுப் பயன் உள்ளீடு வெளியீட்டுக் கம்பிகள்) டிரைவர்கள் அந்த வகை. அவற்றுக்குப் பிசி104 தேர்வையும் இயக்க வேண்டும். அதுவும் எக்ஸ்பர்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

எனவே எந்தக் கார்டு என்பதே 32 பிட்டா 64 பிட்டா என்று தீர்மானிக்கிறது. 2025இல் வந்த டெபியன் 13 முதல் அந்த லினக்ஸ் விநியோகத்தில் 32 பிட் எக்ஸ்86 கெர்னலும் நிறுவியும் கிடையாது. ஆகவே என்இ2000 வேண்டும் என்றால் சொந்தக் கெர்னல் கட்டியே தீர வேண்டும். வேகமான 64 பிட் கணினியில் ஆர்ச் மதிப்பை ஐ386 என்று கொடுத்து மேக் ஓட்டினால் போதும், பழைய இயந்திரத்தை நாள்முழுதும் கம்பைல் செய்ய வைக்கத் தேவையில்லை. செயலி வகையை உள்ள இயந்திரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். மூல 386 செயலிக்கான ஆதரவு 3.8 பதிப்பிலேயே நீங்கிவிட்டது.

டிஎம்ஏ பயன்படுத்தும் கார்டுக்கு ஐஎஸ்ஏ_டிஎம்ஏ_ஏபிஐ வேண்டும். இது இயல்பாகவே இயங்கும், எக்ஸ்பர்ட் மெனுவில் தவறி அணைக்காமல் இருந்தால் சரி. பிளக் அண்ட் பிளே கார்டுக்கு ஐஎஸ்ஏபிஎன்பி. ஒரு டிரைவர் ஏன் தெரியவில்லை என்று அறிய, கெர்னல் தேர்வு மெனுவான மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு தட்டிப் பெயரைத் தேடுங்கள். எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை அந்தத் திரை தெளிவாகக் காட்டும். இணையத்தில் தேடுவதைவிட அது வேகமானது, உங்கள் கெர்னல் பதிப்புக்கு மிகச் சரியானதும்கூட.

இரண்டு பொறிகளைத் தவிர்க்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் கையால் ஒரு தேர்வை எழுதிவிட்டு ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால், நிபந்தனை நிறைவேறாத தேர்வுகளை அது ஒரு சொல்லும் சொல்லாமல் நீக்கிவிடும். ஓட்டிய பின் கிரெப் செய்து, எழுதியது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். லோக்கல்மாட்கான்ஃபிக் இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்ளும். ஐஎஸ்ஏ டிரைவர் இன்னும் ஏறவில்லை என்பதுதானே பிரச்சினை, அதையே வெட்டிவிடும்.

போர்ட், ஐஆர்க்யூ, டிஎம்ஏ ஒதுக்கீடு

/ப்ராக்/ஐஓபோர்ட்ஸ் கோப்பை ரூட் பயனராகவே படியுங்கள். சாதாரணப் பயனருக்கு முகவரிகள் எல்லாம் பூஜ்ஜியமாகத் தெரியும். அதைக் கோளாறு என்று எண்ணி அலைய வேண்டாம். உங்கள் கார்டின் வரம்பில் வேறு பெயர் இருந்தால் டிரைவர் 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழையோடு நின்றுவிடும்.

பழைய கார்டுகள் பலவும் முகவரியின் கீழ் 10 பிட்டுகளை மட்டுமே பார்க்கும். 300இல் இருக்கும் கார்டு 700, பி00, எஃப்00 என்று ஒவ்வொரு 400க்கும் பதில் சொல்லும். இதைத் தெரிந்துதான் எக்ஸ்86 கெர்னல் பிசிஐ சாதனங்களுக்குப் போர்ட் ஒதுக்கும்போது அந்த நிழல் முகவரிகளைத் தவிர்க்கிறது. பிசிஐ அளவுருவில் ஸ்கிப்_ஐஎஸ்ஏ_அலைன் என்று பூட் வரியில் யாராவது சேர்த்திருந்தால் இந்தத் தவிர்ப்பு நின்றுவிடும். ஐஎஸ்ஏ கார்டு உள்ள இயந்திரத்தில் அதை எடுத்துவிடுங்கள். வேறொரு டிரைவர் உங்கள் கார்டின் போர்ட்டைத் துழாவி அதைக் குழப்பினால், ரிசர்வ் என்ற பூட் அளவுருவில் தொடக்கமும் நீளமும் கொடுத்துத் தானியங்கித் துழாவலைத் தடுக்கலாம்.

ஐஎஸ்ஏவில் ஐஆர்க்யூ பகிர முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3, 4 சீரியல் போர்ட்டுகளுக்கு. 7 பிரின்டர் போர்ட்டுக்கு. 2 என்று ஜம்பரில் இருந்தால் கெர்னலில் அது 9. 7ஐ எப்போதும் தவிர்ப்பது நல்லது: சிக்னல் வந்த வேகத்தில் மறைந்துவிட்டால் இன்டரப்டுகளைச் சேகரிக்கும் 8259 சிப் அதை 7 என்றே அறிவிக்கும், நிஜ இன்டரப்டையும் போலியையும் பிரிக்க முடியாது. 5, 10, 11 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பயாஸில் பிசிஐ ஒதுக்கீட்டுப் பக்கத்துக்குப் போய் அந்த எண்ணை 'லெகசி ஐஎஸ்ஏ' என்று குறியுங்கள். பயாஸில் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் பூட் வரியில் ஏசிபிஐ_ஐஆர்க்யூ_ஐஎஸ்ஏ அல்லது பிசிஐ அளவுருவின் ஐஆர்க்யூமாஸ்க் உதவும்.

இந்தக் குறிப்பின் காரணம் முக்கியம். ஐஎஸ்ஏ இன்டரப்ட் விளிம்பால் (சிக்னல் மாறும் கணம்) தூண்டப்படுவது, பிசிஐயுடையது மட்டத்தால் (சிக்னல் நீடிக்கும் நிலை). எது எப்படி என்பதை 4டி0, 4டி1 என்ற இரண்டு போர்ட்டுகள் வைத்திருக்கின்றன, ஓர் ஐஆர்க்யூவுக்கு ஒரு பிட், 1 என்றால் மட்டம். ஐஆர்க்யூ 10க்கான பிட் 4டி1இன் 2ஆம் பிட். அது 1 ஆக இருக்கும்போது ஐஎஸ்ஏ கார்டை 10இல் வைத்தால் இன்டரப்ட் வெள்ளமாக வரும். 1,00,000 இன்டரப்டில் 99,900க்கு மேல் யாரும் ஏற்காதபோது 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டுக் கெர்னல் அந்த வரியையே அணைத்துவிடும். அந்தச் செய்தி ஐஆர்க்யூபோல் என்ற அளவுருவைப் பரிந்துரைக்கும். ஐஎஸ்ஏ விஷயத்தில் அது நோயை மறைக்கும் மருந்து. பிட்டைச் சரிசெய்வதே தீர்வு.

/ப்ராக்/இன்டரப்ட்ஸில் எண்ணிக்கை 0இலேயே நின்றால் ஜம்பரும் டிரைவருக்குக் கொடுத்த எண்ணும் ஒன்றல்ல. கொஞ்ச நேரம் ஏறிவிட்டு நின்றால் அது வேறு கதை. கீழே டிரைவர் பகுதியில் வருகிறது.

பிளக் அண்ட் பிளே கார்டை /சிஸ்/பஸ்/பிஎன்பி/டிவைசஸ் கீழுள்ள அதன் கோப்புறையில் ரிசோர்சஸ் கோப்பின் வழியே அமைக்கலாம்: டிசேபிள் எழுதி, ஆட்டோ எழுதி, ஆக்டிவேட் எழுதுங்கள். இந்தக் கார்டுகளைத் தேடும்போது கெர்னல் ஒரு வாசிப்புப் போர்ட்டைத் தானே தேர்ந்துகொள்ளும். 280 முதல் 380 வரை அது தொடுவதில்லை, ஏனென்றால் அங்கே என்இ2000 இருந்தால் இயந்திரமே உறைந்துவிடும். கார்டின் ஜம்பரில் பிளக் அண்ட் பிளேயை அணைக்க முடியும் என்றால் அணைத்துவிட்டு நிலையான எண்களில் ஓட்டுவதையே பரிந்துரைக்கிறோம். பூட்டுக்குப் பூட்டு எண் மாறாது.

டிரைவரைத் திருத்துதல்

2.4 அல்லது 2.6 காலத்து டிரைவர் கையில் இருந்தால், பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாகத் துரத்துவதற்கு முன் இந்த மாற்றங்களை மொத்தமாகச் செய்துவிடுங்கள்:

- செக்_ரீஜன் நீங்கிவிட்டது. ரிக்வெஸ்ட்_ரீஜனையே கூப்பிட்டு, வெற்றுச் சுட்டி வந்தால் விலகுங்கள். முதலில் பார்த்து, பிறகு பிடிப்பது என்ற இரட்டை வேலைக்கு இடையே வேறு டிரைவர் நுழைய முடியும் என்பதால்தான் அது போனது.
- மாட்யூல்_பார்ம் போய் மாட்யூல்_பாரம் வந்தது. போர்ட், ஐஆர்க்யூ, டிஎம்ஏ எண்களுக்கு மாட்யூல்_பாரம்_எச்டபிள்யூ வகையையே பயன்படுத்துங்கள்.
- இன்டரப்ட் ஹேண்ட்லரின் மூன்றாவது அளவுரு 2.6.19இல் போய்விட்டது, ஹேண்ட்லர் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் அல்லது ஐஆர்க்யூ_நன் திருப்பித் தர வேண்டும். ஐஆர்க்யூஎஃப்_டிசேபிள்ட் கொடி 4.1இல் நீங்கியது, அந்த இடத்தில் 0 போடுங்கள்.
- இனிட்_டைமருக்குப் பதில் 4.15 முதல் டைமர்_செட்டப்.
- ப்ராக் கோப்புகளுக்கு 5.6 முதல் ப்ராக்_ஆப்ஸ்.
- நெட்வொர்க் கார்டு என்றால் 5.17 முதல் டெவ்_ஆடரில் நேரடியாக எழுத முடியாது. ஈத்_எச்டபிள்யூ_ஆடர்_செட் வழியாக வையுங்கள்.
- விர்ட்_டு_பஸ் 6.0இல் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீங்கியது. அதற்கான மாற்று கீழே.

சிஎல்ஐ, எஸ்டிஐ நீக்கம் மட்டும் இயந்திரத்தனமாகச் செய்யக்கூடியதல்ல. பழைய நிரலில் சிஎல்ஐ என்றால் மொத்த இயந்திரமும் இன்டரப்டை நிறுத்தும். இன்று அப்படி ஒன்று இல்லை. எந்தத் தரவைக் காக்க அது போடப்பட்டது என்று கண்டுபிடித்து, அந்தத் தரவுக்கு ஒரு ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) வைத்து, வெளியிலிருந்து ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ், ஹேண்ட்லருக்குள் ஸ்பின்_லாக் என்று இரண்டு பக்கமும் அதே பூட்டைப் பிடிக்க வேண்டும். கட்டளைப் பதிவேட்டில் ஒரு பக்க எண்ணை எழுதிவிட்டு அடுத்த பதிவேட்டைப் படிக்கும் கார்டுகளில் அந்த இரண்டு செயலும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும். இடையில் ஹேண்ட்லர் புகுந்து பக்கத்தை மாற்றிவிட்டால், வருவது நம்பும்படியான தப்பான எண். லாக்டெப் எனப்படும் ப்ரூவ்_லாக்கிங் தேர்வோடு கட்டிய கெர்னலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தப்பான வரிசையில் பிடித்த பூட்டுகளை அதுவே காட்டிக்கொடுக்கும்.

இப்போது டிரைவரின் எலும்புக்கூடு. இனிட் செயற்கூற்றில் நேராகப் போர்ட்டைத் தொட்டுத் துழாவும் பாணியை விட்டு, 2.6.18இல் வந்த ஐஎஸ்ஏ_டிரைவர் அமைப்புக்கு மாறுங்கள். அதில் மேட்ச் (கார்டை முயலலாமா என்று தீர்மானிப்பது), ப்ரோப் (கார்டைச் சோதித்து இணைப்பது), ரிமூவ் (விலக்குவது) என்று செயற்கூறுகள். எத்தனை கார்டு என்ற எண்ணோடு மாட்யூல்_ஐஎஸ்ஏ_டிரைவர் என்ற ஒரு வரி போட்டால், ஏற்றுவதும் இறக்குவதும் முடிந்தது. ரிமூவ் 5.12 முதல் எதையும் திருப்பித் தருவதில்லை. முன்பு எண் தந்தது. அமைப்பு மாறியதால் கம்பைலர் இங்கே எச்சரிக்கும், அதைச் சட்டென்று வகைமாற்றம் செய்து அடக்கிவிடாதீர்கள்.

மேட்ச்சில் வன்பொருளைத் தொட வேண்டாம். பயனர் இந்த வரிசை எண்ணுக்குப் போர்ட் கொடுத்தாரா என்று மட்டும் பாருங்கள்; இல்லை என்றால் 0. ப்ரோப்பில் முதல் வேலை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ரீஜன். அதற்கு முன் ஒரு பைட்டும் படிக்கக் கூடாது. கார்டு பயன்படுத்தும் நீளத்தை மட்டும் கேளுங்கள்: என்இ2000க்கு 32, அதைவிடப் பெரிதாகக் கேட்டால் பக்கத்துக் கார்டோடு மோதும். பிறகு அடையாளச் சோதனை, பிறகு டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ. கார்டின் இன்டரப்ட் மாஸ்க்கைத் திறப்பது கடைசி.

இந்த அமைப்பில் ஒரு குணம் பலரையும் ஏமாற்றும். மேட்ச் 1 தந்து, ப்ரோப் தோற்றால், மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளை பிழையே காட்டாமல் வெற்றியோடு முடியும். இது பிழையன்று, மோதும் சாதனத்தை விலக்கிவிட்டு, /சிஸ்/பஸ்/ஐஎஸ்ஏ/டிரைவர்ஸ் கீழே பைண்ட் கோப்பில் சாதனப் பெயரை எழுதி மறுபடி இணைக்கலாம் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே மாட்ப்ரோப் மௌனமாக முடிந்ததை நம்பாதீர்கள். /சிஸ்/பஸ்/ஐஎஸ்ஏ/டிவைசஸில் உங்கள் சாதனத்தின் கீழ் டிரைவர் என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் காரணம் சொல்லும். எந்த மேட்ச்சும் 1 தராதபோதுதான் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று மாட்ப்ரோப் நிற்கும்.

இனி, கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும் கார்டு. விளிம்புத் தூண்டலில் வரி தாழ்விலிருந்து உயரும் கணம் மட்டுமே கணக்கில் வரும். ஹேண்ட்லர் ஒரு காரணத்தைக் கையாண்டு திரும்புவதற்குள் கார்டில் இரண்டாவது காரணம் எழுந்துவிட்டால், வரி தாழவே இல்லை. அடுத்த விளிம்பு இல்லை, அடுத்த இன்டரப்டும் இல்லை. கார்டு உயிரோடு இருக்கும், கெர்னல் அதை மறந்திருக்கும். ஹேண்ட்லருக்குள் நிலைப் பதிவேட்டைப் படித்து, கையாண்டு, திரும்பப் படித்து, நிலுவை எதுவும் இல்லை என்று வரும்வரை சுற்றுங்கள். கார்டு பழுதானால் சுற்று முடிவற்றுப் போகும் என்பதால் 20 போன்ற ஓர் உச்சவரம்பு வையுங்கள். அதைத் தொட்டால் கார்டின் மாஸ்க்கை மூடித் திறந்து வரியைத் தாழ வையுங்கள். ஒரு முறை மட்டும் நிலையைப் படிக்கும் ஹேண்ட்லர் பழைய மெதுவான இயந்திரத்தில் பிழைத்திருக்கும், வேகம் மாறியதும் விழும். பழைய டிரைவர்களில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

காத்திருப்புச் சுற்றுகளும் அதே ரகம். ஆயிரம் முறை சுற்றினால் இவ்வளவு நேரம் என்று எழுதிய நிரலை யூடிலேவாலோ, காலவரம்புடன் நிலையைப் பார்க்கும் ரீட்_போல்_டைம்அவுட்டாலோ மாற்றுங்கள். பஸ் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். ஒரு 8 பிட் அணுகலுக்கு முக்கால் மைக்ரோ வினாடி ஆகும் என்று கொள்ளலாம். அவுட்பி_பி போன்ற தாமதத்தோடு கூடிய எழுத்துகள் இயல்பில் போர்ட் 80ஐத் தொட்டு நேரம் கடத்துகின்றன. போர்ட் 80 தொட்டால் தொங்கும் பலகைகள் உண்டு. அங்கே ஐஓ_டிலே அளவுருவுக்கு 0எக்ஸ்ஈடி அல்லது யூடிலே கொடுங்கள்.

டிஎம்ஏ

டிஎம்ஏவை நடத்தும் 8237 சிப்புக்கு இரண்டு எல்லைகள். இடையகம் முதல் 16 எம்பிக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பஸ்ஸில் 24 முகவரிக் கம்பிகளே உள்ளன. 8 பிட் சேனல்களான 0 முதல் 3 வரை 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது. 16 பிட் சேனல்களான 5, 6, 7க்கு 128 கேபி. 4 இரண்டு சிப்புகளையும் இணைப்பதற்கே போய்விட்டது. எல்லை தாண்டினால் பிழை வராது. முகவரி சுற்றிக்கொண்டு தொடக்கத்துக்கே திரும்பி, வேறு யாருடையதோ நினைவகத்தில் எழுதும்.

விர்ட்_டு_பஸ் இருந்த இடத்தில் டிஎம்ஏ_அலக்_கோஹிரண்ட் போடுங்கள். ஐஎஸ்ஏ_டிரைவர் வழியாக வந்த சாதனத்துக்கு 24 பிட் மாஸ்க்கைக் கெர்னலே வைத்துத் தருகிறது, எனவே 16 எம்பி எல்லை தானாகக் காக்கப்படும். இடையகத்தின் அளவை 64 கேபிக்குள், இரண்டின் அடுக்காக வைத்தால் மற்ற எல்லையும் காக்கப்படும். இயந்திரம் நெடுநேரம் ஓடிய பிறகு அந்தக் கீழ்ப்பகுதியில் தொடர்ச்சியான இடம் கிடைப்பது அரிது. ப்ரோப்பிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள்.

சேனலை அமைக்கும் வரிசை: கிளெய்ம்_டிஎம்ஏ_லாக், டிசேபிள்_டிஎம்ஏ, கிளியர்_டிஎம்ஏ_எஃப்எஃப், செட்_டிஎம்ஏ_மோட், செட்_டிஎம்ஏ_ஆடர், செட்_டிஎம்ஏ_கவுண்ட், எனேபிள்_டிஎம்ஏ, பிறகு பூட்டை விடுதல். கிளியர்_டிஎம்ஏ_எஃப்எஃப் விடுபட்டால் முகவரியின் மேல் பைட்டும் கீழ் பைட்டும் இடம் மாறி எழுதப்படலாம். சிலசமயம் மட்டும் தோற்கும் டிரைவர்களில் இதைத் தேடுங்கள். கவுண்ட்டுக்கு எப்போதும் பைட் கணக்கே கொடுங்கள், 16 பிட் சேனலுக்கு வேர்டாக மாற்றுவதைச் செயற்கூறே செய்யும்.

சோதனையும் அதன்பின்னும்

நிஜ இயந்திரத்துக்குப் போவதற்கு முன், கணினியைப் போலிசெய்யும் மென்பொருளான க்யூஎமுவில் ஓட்டுங்கள். பிசி என்ற இயந்திர வகை 440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் போலிசெய்கிறது, அதில் ஐஎஸ்ஏ பஸ் இருக்கிறது. பிசிஐயே இல்லாமல் வேண்டும் என்றால் ஐஎஸ்ஏபிசி வகை. என்இ2கே_ஐஎஸ்ஏ சாதனத்துக்கு ஐஓபேஸ், ஐஆர்க்யூ கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 300, 9. எஸ்பி16 சாதனமும் உண்டு. ஆனால் விளிம்புத் தவறுதல், தாமதம், நிழல் முகவரி ஆகியவை அங்கே தெரியாது. கம்பைல், ப்ரோப், இறக்குதல், மறுபடி ஏற்றுதல் வரை சரிபார்க்கவே அது.

இயந்திரத்தில், என்இ மாட்யூலுக்கு ஐஓ கொடுத்தே ஏற்ற வேண்டும், இல்லையேல் அது துழாவாமல் மறுத்துவிடும். சவுண்ட் பிளாஸ்டருக்கு எஸ்என்டி-எஸ்பி16 மாட்யூலில் ஐஎஸ்ஏபிஎன்பி 0, போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ8 1, டிஎம்ஏ16 5. இவற்றை மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் எழுதி நிலைப்படுத்துங்கள். செக்யூர் பூட் காரணமாக லாக்டவுன் (கெர்னலின் பாதுகாப்புக் கட்டுப்பாடு) இயங்கும் பலகையில், எச்டபிள்யூ வகை அளவுருக்களைக் கெர்னல் ஏற்காது, /டெவ்/போர்ட்டும் திறக்காது. அங்கே செக்யூர் பூட்டை அணைப்பதைத் தவிர வழியில்லை.

முந்தைய கெர்னலில் ஓடி இப்போது ஓடாத டிரைவர் என்றால், நிரலை வாசித்து ஊகிப்பதைவிட கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளுக்கு இடையே சுமார் 14 கம்பைல்களில் கெடுத்த மாற்றம் கையில் கிடைக்கும். அந்த மாற்றத்தின் அடையாளத்தை ஃபிக்சஸ் வரியில் குறித்து, செக்பேட்ச் ஓட்டி, கெட்_மெயின்டெய்னர் காட்டும் முகவரிகளுக்குத் திருத்தத்தை அனுப்புங்கள். எந்தக் கார்டு, எந்தப் பலகை, எந்த ஜம்பர் எண்களில் சோதித்தீர்கள் என்பதையும் செய்தியில் எழுதுங்கள். இது சம்பிரதாயம் அல்ல. கெர்னலிலிருந்து பழைய டிரைவர்கள் நீக்கப்படும்போது முதல் கேள்வி, யாராவது இதை இன்னும் பயன்படுத்துகிறார்களா என்பதுதான். எம்சிஏ பஸ் 2012இல் 3.5 பதிப்பில் முழுதாக நீங்கியது. பழைய ஐடிஇ அடுக்கு 2021இல் 5.14இல் நீங்கியது. நிஜ வன்பொருளில் சோதித்ததாகப் பதிவான டிரைவரை நீக்குவது எளிதல்ல.

அப்படியும் நீங்கிவிட்டால் இரண்டு வழி. நீக்கிய கமிட்டை உங்கள் மரத்தில் திருப்பிப்போட்டு, டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானே மறுபடி கட்டும் கருவி) வழியாகத் தனி மாட்யூலாக ஒவ்வொரு கெர்னலுக்கும் கட்டிக்கொள்ளலாம்; மேலே சொன்ன பட்டியல் வேலை அப்போது ஆண்டுதோறும் உங்கள் கையில். ஆலை இயந்திரம், ஆய்வகக் கருவி போன்றவற்றுக்கு நீண்டகாலக் கெர்னலில் தங்குவதே மேல்: சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் திட்டம் 4.19, 5.10, 6.1 ஆகிய கெர்னல்களைத் தலா 10 ஆண்டு அளவுக்குப் பராமரிக்கும் நோக்கோடு நடக்கிறது. உங்கள் டிரைவர் அவற்றில் எதில் இன்னும் இருக்கிறது என்று பார்த்து, இருப்பதில் புதியதைத் தேர்ந்தெடுங்கள்.